யார் கூப்பிட்டாலும் போகிறாள் அமலி

என் ஸ்டெல்லாவுக்கு,

நம் மகள் அமலி நலம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன்னை அடக்கம் செய்த அடுத்த வருஷம் அவளை ஆட்டிசப் பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் சேர்த்தேன். "வா" என்றால் வரவேண்டும். வந்ததும் ஒரு துண்டு கடலை மிட்டாய். நாலே மாதத்தில் வந்தாள், ஸ்டெல்லா! ஏழு வயதுவரை பெயர் சொன்னால் திரும்பாத பிள்ளை. வேறு ஆட்களிடமும் பழக்குங்கள் என்றார் டீச்சர். உன் புருஷன் சும்மா இருப்பானா? நம் பூ மார்க்கெட்டில் கடைக்குக் கடை மிட்டாய் கொடுத்து வைத்தேன். ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். ஓடி ஓடிப் போனாள். நான் மார்தட்டிக்கொண்டு நின்றேன்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் வாங்கத் திரும்பினேன். கண்மூடித் திறப்பதற்குள் பிள்ளையைக் காணோம். பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே பஸ் பஸ்ஸாக ஓடினேன். நகர்ந்துகொண்டிருந்த குஜிலியம்பாறை பஸ்ஸைக் கண்டக்டர் விசிலடித்து நிறுத்தினார். "யாரு பிள்ளப்பா இது?" உள்ளே, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பக்கத்தில் அமலி மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள்.

அந்தம்மா பதறிப்போனார். "என் கையில மிட்டாயப் பாத்துக்கிட்டே நின்னுச்சு, வா பாப்பான்னு ஒரு மிட்டாயக் குடுத்தேன். பின்னாடியே ஏறி வரும்னு தெரியாதுண்ணே." அவர்மேல் என்ன குற்றம்? நல்ல மனுஷி. நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால்?

இன்று டீச்சரிடம் சொன்னேன். "வரச் சொல்லிக் குடுத்தோம். வேணாம்னு சொல்லச் சொல்லிக் குடுக்கலையேண்ணே. தப்பு என் மேலயும்தான் இருக்கு" என்றார். இனி அதுதான் முதல் பாடமாம். அவள் கையால் தடுத்தால் எதிரில் இருப்பவர் விட்டுவிட வேண்டும். வீட்டிலிருந்தே தொடங்கச் சொன்னார்.

நீ அப்படித்தானே இருந்தாய்? அவள் முகத்தைத் திருப்பினால், "விடுங்க, பிள்ளைக்குப் பிடிக்கல" என்பாய். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்று எத்தனை நாள் உன்னிடம் சண்டை போட்டிருக்கிறேன்?

சாயங்காலம் அவளை வாரி அணைக்கப் போனேன். நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். நேற்றிலிருந்து அவளைக் கட்டிக்கொள்ளத் தவிக்கிறேன், ஸ்டெல்லா. ஆனாலும் கையை எடுத்துக்கொண்டு, இரண்டடி தள்ளிப்போய் உட்கார்ந்தேன்.

இனி அவள் வேண்டாமென்றால் முதலில் கேட்கிறவன் நானாக இருப்பேன். இது உனக்குச் செய்யும் சத்தியம்.

உன் அமலியின் அப்பா,
சேவியர்