புளித்த சாறு மீன்

ஏப்ரல் 9
வழிகாட்டி லுவோ வந்தான். நாளை மறுநாள் வெளிநாட்டுப் பயணிகள் பன்னிரண்டு பேரை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டி வருகிறானாம்.
"பான் அக்கா, உங்க புளிச்ச சாறு மீன் மட்டும் வேணாம். அந்த வாசனைக்கே எந்திரிச்சு ஓடிருவாங்க. எலும்பில்லாத கோழி, கொஞ்சம் சர்க்கரை தூவி... போதும்."
சீன மலை நகரமான இந்தக் கைலியில் பதினாறு வருஷமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். இதுவரை யாரும் ஓடியதில்லை.

ஏப்ரல் 10
என் வீட்டுக்காரர் செங்குய்யும் லுவோ பக்கம்தான். "வர்றவங்க நாக்குக்குச் சமைக்கறதுதானே கடை? உனக்குத் தலைக்கனம்" என்கிறார். ஆமாம், தலைக்கனம்தான். பிறகு ஏன் அந்த இனிப்புக் கோழிக்குச் சரியென்று தலையாட்டினேன்?

ஏப்ரல் 11
எழுதக் கை பரபரக்கிறது.
பயணிகள் இனிப்புக் கோழியைச் சிரித்துக்கொண்டே கொறித்தார்கள். பாதி தட்டிலேயே கிடந்தது. வெட்கமாக இருந்தது. நான் வாயில் வைக்காததை விருந்தாளிக்கு வைத்தேனே!
அடுக்களையில் எங்களுக்கென்று மீன் கொதித்துக்கொண்டிருந்தது. தக்காளியும் மிளகாயும் ஒரு மாதம் சாடியில் கிடந்து புளித்த சாறு. அவர்களில் கை கழுவ வந்த நரைமுடிக்காரி ஒருத்தி சட்டியருகே நின்றுவிட்டாள். என்னைக் காட்டினாள், சட்டியைக் காட்டினாள், வாயைக் காட்டினாள். நீ சாப்பிடுவது இதுவா? ஆமென்றேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டாள்!
லுவோ ஓடிவந்தான். "அக்கா, முள்ளு! தொண்டையில சிக்கினா என் வேலை போயிரும்!"
"அவங்களையே கேளு."
கேட்டான். அசடு வழியத் திரும்பினான். "கடற்கரைக்காரங்களாம். முள்ளெடுக்க யாரும் சொல்லித்தர வேணாமாம்."
முதல் வாயிலேயே அவள் கண்ணில் நீர். தொட்டுக்கொள்ள வைத்த மிளகாய்த் துவையலில் கிடந்த, கவிச்சி வாடையடிக்கும் காட்டுவேரை மென்றதும் முகத்தைச் சுளித்தாள். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கிண்ணத்தை மறுபடி நீட்டினாள். அப்புறம் வாசலில் எட்டிப் பார்த்த மற்றவர்களையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.
செங்குய் இன்னும் இரண்டு மீனுக்குச் செதில் சீவ உட்கார்ந்தார்.
சட்டி காலி. எங்களுக்கு மிஞ்சியது அந்த இனிப்புக் கோழிதான். சிரித்துக்கொண்டே தின்றேன்.

ஏப்ரல் 12
இடுப்பு வலி. இருக்கட்டும்.

ஏப்ரல் 20
லுவோ போன் செய்தான். அடுத்த வாரம் இருபது பேர். "முள்ளோடதான், அக்கா" என்று அவனே சொன்னான். அதில் இரண்டு பேருக்கு மட்டும் காரமில்லாமல் தனியாக ஏதாவது முடியுமா என்று இழுத்தான்.
நான் வாய் திறக்குமுன் செங்குய் போனைப் பிடுங்கிக்கொண்டார்.
"பக்கத்துக் கடையில கேளு தம்பி. இங்க எம் பொண்டாட்டி என்ன சாப்பிடறாளோ, அதுதான்."