பேராசிரியர் வீட்டுக்குப் போன வான்கோழி

அன்பு மகள் ரோதிகாவுக்கு அப்பா கவ்ரில் சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, கொட்டிலில் பன்றி எல்லாரும் நலம், வான்கோழி மட்டும் ஒன்று குறைகிறது, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். நீ வேலைக்குப் போயிருக்கும் தொரினோ நகரத்தில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் கிழவியம்மாவும் சுகமாக இருக்கிறீர்களா. சொல்வதுதான் அப்பா, எழுதுவது உன் தங்கை ஸ்மராந்தா, ஏனென்றால் போன வாரம் செர்ரி மரத்திலிருந்து விழுந்து அவர் வலக்கையில் மாவுக்கட்டு. பதினெட்டு வயதுக்காரி வீட்டில் இருக்கும்போது அவர் எதற்கு மரமேறினார் என்று கேட்காதே, நான் ஏறினால் படிப்பு கெட்டுவிடுமாம். அம்மா சொல்லச் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ, நம் கோயில் அங்கே இல்லையென்றால் அவர்கள் கோயிலுக்காவது போ, மெழுகுவத்திக்கு எல்லா இடத்திலும் ஒரே நெருப்புதான்.

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், அங்கே உன் பக்கத்து வீட்டில் எனக்கு, அதாவது ஸ்மராந்தாவுக்கு, ஒரு வேலை இருக்கிறது, யாஷ் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா கிடைக்காதா, உள்ளபடி எழுது என்று. அப்பா சொல்கிறார், "நிச்சயம்னு எழுது புள்ள. அந்தக் கல்லூரிப் பேராசிரியர் நம்ம ஆளுன்னு எழுது. அந்த வேலைய வேற யாருக்காவது குடுத்துரச் சொல்லு." சொல்லிவிட்டுப் பன்றிக்குத் தீனி வைக்கப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் உள்ளபடி எழுதிவிடுகிறேன். ஒரு இடத்துக்கு ஒன்பது பேர் முட்டுகிறோம். உயிரியலில் நான் கெட்டி, வேதியியல் சொத்தை, அடைக்கலாமா பிடுங்க வேண்டுமா என்று டியூஷன் வாத்தியாருக்கே தெரியவில்லை. போன வருடம் கடைசியாக உள்ளே போனவளுக்குப் பத்துக்கு எட்டரை. எனக்கு மாதிரித் தேர்வில் எட்டு எட்டவில்லை. இதுதான் என் நிலவரம் அக்கா.

வான்கோழி விஷயம் இது. போன மாதம் சாப்பாட்டு மேசையில் அப்பா, "கெடைக்குமா கெடைக்காதா, ஒழுங்காச் சொல்லு" என்றார். நான், "உயிரியல் கைகொடுக்கும், வேதியியல் காலை வாரும், மிச்சத்துக்கு ஒரு வான்கோழி போதும்ப்பா" என்றேன். அம்மா சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. அவர் காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில்கூட ஒரு கோழியை லஞ்சமாகக் கொடுத்தால்தானே கிடைத்தது. விண்ணப்பம் கொடுக்க யாஷுக்குக் கிளம்பிய அன்று கல்யாணக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார், கையில் பை, பைக்குள் உயிரோடு வான்கோழி. எனக்குப் புரிந்தது. வேடிக்கைக்குத்தான் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எவ்வளவு தூரம் போகிறார் பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டேன், எனக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. விண்ணப்பம் கொடுத்ததும் புகையிலை வாங்கி வருகிறேன் என்று நழுவினார், நான் பின்னாலேயே போனேன்.

விசாரித்துக் கண்டுபிடித்த பேராசிரியர் வீட்டில், மூன்றாவது மாடியில் மணி அடித்தார், நான் சில படி கீழே மறைந்து நின்றேன். கதவு திறந்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "எம் பொண்ணுக்குக் கை ரொம்ப லேசுங்க டாக்டர், பல்லப் புடுங்குனா வலியே தெரியாது" என்றார். என் கை யார் பல்லையும் தொட்டதில்லை அக்கா. பேராசிரியர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "ஐயா, விடைத்தாள்ல பேர் தெரியாம மூலைய மடிச்சு ஒட்டிருவாங்க, யாரோடதுன்னு எனக்கே தெரியாது. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போங்க, பக்கத்து வீட்டுக்காரங்க பாக்குறாங்க" என்றார். எதிர்க் கதவு நிஜமாகவே திறந்திருந்தது, யாரோ சிரித்தார்கள். அந்தப் பறவை வேறு கத்தியது. அப்பா ஆளில்லாத பக்கமாகத் திரும்பி, மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் டிராம் நிறுத்தத்தில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றேன். வெறும் பையோடு வந்தார். வான்கோழியை எங்கே விட்டார் என்று இன்றுவரை தெரியாது. அவராகவே, "புகையில கெடைக்கல. பேராசிரியரப் பாத்தேன், ரொம்பச் சந்தோஷப்பட்டாரு, நீ கவலப்படாமப் படி" என்றார். அன்றிலிருந்து சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கதவில் நின்றிருக்க வேண்டியது நான்.

பன்றிக்குத் தீனி வைத்துவிட்டு வந்த அப்பா, இடக்கையால் கையெழுத்துப் போடுமுன் வாசிக்கச் சொன்னார். நடுவில் நானாக எழுதியதைத் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன், தாண்ட முடியவில்லை, முழுவதும் வாசித்தேன். மாவுக்கட்டைச் சொறிந்தார். பிறகு, "மூணு மாடி ஏறி வந்தவ, கூப்பிட்டிருக்கலாமே. கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பேனே" என்றார். எழுதியதை அடிக்கப் பேனாவை எடுத்தேன். "எழுதுனத அடிக்காத. முடிவு வர்ற வரைக்கும் அந்த வேலைய யாருக்கும் குடுக்க வேணாம்னு சேத்துக்க. அப்புறம் போய் வேதியியலப் படி" என்றார். சேர்த்துவிட்டேன் அக்கா.

கடவுள் உன்னைத் தலையிலிருந்து கால்வரை காக்கட்டும், குளிருக்கு முன்பே கம்பளிக் காலுறை வாங்கிக்கொள், அங்கிருந்து நம் ஊருக்கு வரும் வெள்ளிக்கிழமை பஸ் டிரைவரிடம் பதிலைக் கொடுத்தனுப்ப மறக்காதே.

உன் அப்பா கவ்ரில்
அவர் சொல்லாததையும் எழுதியவள், ஸ்மராந்தா