பயணப்பட்டார்

ஷாஷமனே, எத்தியோப்பியா
8 ஜூன் 1975

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் கடவுள் ஜா உங்களையும் தம்பி ஜாபேஸையும் காக்கட்டும். விடாத காய்ச்சலோடு அவனைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஜமைக்காவுக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. மூன்றே கடிதம்தான் வந்திருக்கிறது.

புதிய அரசாங்கம் நிலமெல்லாம் பொது என்று சொல்லிவிட்டது. ஜமைக்காவிலிருந்து வந்த நம் மக்களுக்கு அரசர் கொடுத்ததில் நமக்கு வீடும் அவரைத் தோட்டமும்தான் மிச்சம். நம் வயல்களைப் பக்கத்து வீட்டு தூஃபா உழுகிறார். நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். அப்பா மட்டும், "எங்க பாட்டன் பூட்டனை அடிமையா கப்பல்ல அள்ளிக்கிட்டுப் போனாங்க. நான் திரும்பி வந்துட்டேன். இனி இந்த மண்ணை விட்டுப் போக எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன்" என்கிறார்.

நான் எழுத வந்தது வேறு. அப்பாவின் இடது பாதத்தில் மண்வெட்டி பட்டுவிட்டது. கணுக்கால்வரை கறுத்து நாறுகிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் பிழைப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"தலைமயிர்லயே கத்தி படவிடாத விரதக்காரன் நான். காலையா கேக்கறீங்க?" என்றார் அப்பா.

"மயிர் அழுகாது ஐயா, கால் அழுகும்" என்றார் நர்ஸ்.

அப்பா சிரித்துவிட்டு, வீடு திரும்பக் கழுதை வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டார். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார். உடனே எழுதுங்கள்.

உங்கள் மகள்,
கெதூரா


ஸ்பானிஷ் டவுன், ஜமைக்கா
5 ஜூலை 1975

என் கண்ணே கெதூரா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றே கடிதம் என்று குத்திக்காட்டுகிறாய். தையல் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க விடுகிறார்களா? ஜாபேஸ் நடக்கிறான். காய்ச்சல் போய்விட்டது.

இதை அப்பாவின் காதில் படும்படி சத்தமாகப் படி: "யோவ் ஒபதியா, ஐசில்டா உன் விரதத்தைக் கட்டிக்கல, உன்னைத்தான் கட்டிக்கிட்டா. ஒத்தைக் காலோட வந்தாலும் வாசல்ல வந்து கூட்டிக்கிட்டுப் போவா. பிடிவாதம் பிடிச்சா நானே கத்தியோட வருவேன்."

கோபப்பட்டாலும் படட்டும். காலை எடுத்து, புண் ஆறியதும் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். அந்த மண் போனால் போகிறது.

அம்மா


ஷாஷமனே
3 ஆகஸ்ட் 1975

அன்புள்ள அம்மாவுக்கு,

சகோதரர் ஆசேர் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நம் சபையில் மூத்தவர் என்பதால் அவர் சொன்னபடியே எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பார்க்கிறார்.

அப்பா ஜூலை 19 காலையில் பயணப்பட்டார். உங்கள் கடிதம் ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தது. அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இப்போது வலி இல்லை என்று எழுதச் சொல்கிறார்கள்.

நான் இனி இங்கேயே இருக்கலாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கெதூரா


ஸ்பானிஷ் டவுன்
1 செப்டம்பர் 1975

என் தங்கமே,

என் கடிதம் வருவதற்குள்ளேயே அந்த மனுஷன் கிளம்பிவிட்டாரா! தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வலி இல்லை என்கிறாய், அப்படியானால் காலை எடுத்துவிட்டார்கள்தானே? உன்னை விட்டுவிட்டு வந்ததுதான் கோபம். வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

எந்த வழியாக வருகிறார் என்று எழுதவில்லையே! இரண்டு நாளைக்கு முன்னால் விமான நிலையத்துக்குப் போய்ச் சாயங்காலம்வரை நின்றேன். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் போவேன். உப்பு டப்பாவை அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன். அவர் விரதத்துக்கு உப்பில்லாத சாப்பாடு அல்லவா? ஜாபேஸ் "அப்பா" சொல்லப் பழகுகிறான்.

அம்மா


ஷாஷமனே
28 செப்டம்பர் 1975

அம்மா,

விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். அப்பா செத்துப்போய்விட்டார்.

ஜூலை 19 என்று எழுதினேனே, அன்றுதான். 'செத்தார்' என்றுதான் எழுதப் போனேன். "அந்த வார்த்தை நம்ம வாயில வராது பிள்ளே. எழுதறதும் சொல்றதுதான். உங்கம்மாவும் நம்மவதானே, புரிஞ்சுக்குவா" என்றார் சகோதரர் ஆசேர். நானும் அப்படித்தான் நம்பினேன். இங்கே எல்லாரும் மூட்டை கட்டி நிஜமாகவே பயணப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்துப் பார்க்காதது என் தப்பு. போன மாதம், நாம் தெய்வமாகக் கும்பிடும் அரசரே இறந்துவிட்டார் என்று ரேடியோ சொன்னது. "ரேடியோ பொய் சொல்லுது" என்று சகோதரர் ஆசேர் தோட்டத்துக்குப் போய்விட்டார். இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை. நானே தபாலில் போடுகிறேன்.

காலை எடுக்கவே இல்லை, அம்மா. கடைசி மூன்று நாள் காய்ச்சலில் என்னை "ஐசில்டா" என்று கூப்பிட்டார். நான் "ம்" என்றேன். நீங்களாக இருந்து, "காலை எடுக்க விடுய்யா" என்று சொன்னேன். "சரிடி" என்றார். வண்டி பிடிக்க ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் எடுத்துப் பயனில்லை என்றார்.

பிணத்தின் அருகே போகக்கூடாது என்பதும் அதே விரதம்தானாம். நம்மவர் ஒருவரும் வரவில்லை. நம் வயலை எடுத்துக்கொண்ட தூஃபாதான் அந்த வயலின் மூலையிலேயே குழி வெட்டினார்.

"உங்க ஜனங்க இந்த நேரத்துல என்ன சொல்வீங்க?" என்று கேட்டார்.

எங்களிடம் அதற்கு ஒன்றும் கிடையாது என்றேன்.

"ஒண்ணுமேவா?" என்றார். பிறகு அவர் மொழியில் நீளமாக ஏதோ ஓதினார். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. கடைசியில் "ஆமீன்" என்றார். நானும் சொன்னேன்.

என்னை எப்போது அழைத்துக்கொள்வீர்கள்? மாதமும் தேதியும் போட்டு எழுதுங்கள், அம்மா.

கெதூரா