அரை மணிநேர ஆயில்யம்

பெப்ரவரி 3, 2025

நோர்வூட்டில் காலையிலிருந்தே மழை. கொழும்புக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறவளுக்கு மழையால் என்ன கவலை? கவலை ராகலையிலிருந்து வந்தது. நான் கட்டிக்கொள்ளப் போகிற நிரஞ்சன் போனில் பேசினான்.

"ஜாதகம் பாத்துட்டாங்க, ஜெயந்தினி. நீ ஆயில்யமாம். அம்மா பயப்படுறாங்க."

ஆயில்யத்து மருமகள் வந்தால் மாமியார் உயிருக்கு ஆபத்தாம். நிரஞ்சனின் அம்மா அழகம்மா அத்தைக்கு என்னைப் பிடிக்கும். நான் போடும் தேத்தண்ணியும் பிடிக்கும். ஆனால் சாகப் பிடிக்கவில்லை. அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ள முடியுமா? முடியும். நன்றாகவே முடியும்.

பெப்ரவரி 4

அழுதேன். வேலையும் செய்தேன்.

பெப்ரவரி 6

ஆபீஸ் வேலையில் ஒரு தலைவலி. 2000ஆம் ஆண்டுப் பதிவுகளில் நேரமெல்லாம் அரை மணி இடிக்கிறது. நம் நாடு உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். நிரல் ஆறு என்கிறது. நிரல் மொழியோடு கூடவே வருகிற லைப்ரரியில்தான் பிழை என்று கறுவிக்கொண்டு அதன் உள்ளே போனேன்.

நேரம் பார்க்கும் பகுதி தானாக எதையும் முடிவு செய்வதில்லை. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் ஓர் அட்டவணையைப் புரட்டி, அந்தத் தேதிக்கு உரிய வரியை எடுக்கிறது. கொழும்புக்கு 1996இல் இரண்டு மாற்றம், முடிவில் ஆறு. 2006இல் மறுபடி ஐந்தரை. கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிய அன்று ஒரே அரை மணிநேரம் இரண்டு தடவை வந்ததல்லவா — முதல் தடவையா, இரண்டாவதா என்று குறிக்கவும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள்! இதை எழுதியவர்களைக் கும்பிடலாம்.

அம்மாவிடம் கேட்டேன்.

"ஆமா, அப்ப புது நேரம்னு மாத்துனாங்கள்ல. கரண்ட மிச்சம் புடிக்க."

நான் பிறந்தது 2000இல்.

ஐயோ!

பெப்ரவரி 7

ஹட்டனில் ஜாதகம் கணித்த சொப்ட்வெயர் எல்லா வருடத்துக்கும் ஐந்தரைதான் போட்டிருக்கிறது. ஆறு போட்டால் நான் பிறந்தது அரை மணிநேரம் முந்தி. அப்படியென்றால் ஆயில்யம் இல்லை, பூசம்!

நிரஞ்சன் போனிலேயே கத்தினான். அத்தை வாங்கிப் பேசினார். "என் வயித்துல பால வாத்துட்டம்மா."

இன்று என்னைப் பிடிக்க ஆளில்லை.

பெப்ரவரி 9

நான் பிறந்த நேரம் ஆஸ்பத்திரி மணிப்படி, அதாவது புது நேரப்படி என்று அப்பாவிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரி மணிய யாரு பாத்தா?" என்றார் அப்பா, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "டிக்கோயா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். நீ அழுத சத்தம் கேட்டுச்சு. என் கைக்கடியாரத்ததான் பாத்து எழுதிக் குடுத்தேன். அத நான் மாத்தவே இல்லையே. கவுர்மெண்டு சொன்னா சூரியன் கேக்குமா?"

பத்து வருடம்! தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போவதற்கு மட்டும் மனசுக்குள் அரை மணி கூட்டிக்கொள்வாராம்.

லைப்ரரியில் கொழும்புக்கு வரி இருக்கிறது, அப்பாவின் மணிக்கட்டுக்கு இல்லை. ஆனால் நாமே ஒரு நேர வலயம் உண்டாக்கிக்கொள்ள அதில் வழி உண்டு. 'பொன்னையா' என்று அப்பாவின் பெயரையே வைத்து, என்றைக்கும் ஐந்தரை என்று போட்டு ஓட்டினேன்.

ஆயில்யம்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே! நாளைக்கு அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் நான்ல பயந்து சாகணும்.

பெப்ரவரி 10

சொல்லிவிட்டேன். அத்தை போனை நிரஞ்சனிடம் கொடுத்துவிட்டார்.

பெப்ரவரி 13

ராகலையிலிருந்து சத்தமே இல்லை.

பெப்ரவரி 16

பஸ் மாறி பஸ் ஏறி அத்தை வந்துவிட்டார், நிரஞ்சனோடு! கையில் ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும்.

அப்பாவைப் பார்த்ததும், "உங்க கடியாரத்தால எனக்கு ஒரு வாரமா தூக்கமில்லங்க" என்றார். அப்பா திருதிருவென்று விழித்தார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "பூசம்னே விட்டிருக்கலாம். யாரு கேக்கப் போறா? என் உயிர நெனச்சு உண்மைய சொன்ன புள்ள, என்ன சாக விட்டுருமா?"

நிரஞ்சன் லீக்ஸ் பையையே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

"ஆனா ஒண்ணு," என்றார் அத்தை. "என் பிரஷர் மாத்திரைக்கு இனி நீதான் பொறுப்பு. காலைல ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு. நீ மறந்தேன்னா, பழிய ஆயில்யத்து மேல போட்டுருவேன்."

போனில் இரண்டு அலாரம் வைத்துவிட்டேன்.