தாளில் இல்லாத பெயர்

சின்னவனுக்கு,

அப்பா என் கையாலேயே எழுதுவது. நானும் உன் அக்காவும் சுகம், உன் உடம்புக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உனக்குத் தெரியாது, நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு ஏழு மாதம் ஆகிறது. இந்த நாலு வரிக்கே காபி ஆறிவிட்டது, ஆனாலும் என்ன சந்தோஷம் தெரியுமா, மருந்துச் சீட்டு, பஸ் போர்டு எதையும் விடுவதில்லை.

அப்படித்தான் நீ அனுப்பிய பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளையும் படித்தேன். பழைய காலத்து வீட்டுக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகிப் பேசினால் குரலை எண்களாக மாற்றி உள்ளே வைக்கும் ஒலிப்பெட்டி அது, முப்பது வருடமாகக் கிடைக்காததை மறுபடி செய்தவர் என்று உன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அக்கா பெயரை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மூன்று முறை தேடினேன். பின்பக்கமும் பார்த்தேன். இல்லை. போனில் என்ன சொன்னாய்? "அக்கா பேரைத்தான்ப்பா முதல்ல போட்டிருக்கேன்" என்றாய். கிழவனுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியம்தானே?

அந்தக் காலத்தில் பழைய ஒலிப்பெட்டியைச் செய்தவர்கள், யாரும் நகல் எடுக்கக் கூடாதென்று சிப்பின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் மின்சாரம் அளக்கும் மீட்டரை வைத்து, சிப்பின் கம்பிக் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து அது என்ன சிப் என்று கண்டுபிடித்தது அவள். நீ வரைந்த சர்க்யூட் படத்தில் செருகும் வாயை இடவலம் மாற்றிப் போட்டு அவளுடைய கம்ப்யூட்டரைப் புகைய வைத்தாய், அதையும் திருத்தியது அவள்தான். அந்தப் புகையைப் பற்றித் தாளில் ஒரு வரி இல்லை. தாளை அவளிடம் காட்டினேன். "விடுங்கப்பா, மறந்திருப்பான்" என்றாள். "மறந்தவனுக்குத் தன் பேரு மட்டும் எப்படிம்மா ஞாபகம் இருந்துச்சு?" என்றேன். மீட்டரையும் சாலிடர் கம்பியையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த மேசையில் சாப்பாடு மட்டும்தான் இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து அச்சடிக்கும் தாளில் அவள் பெயர் மேலே, உன்னுடையது கீழே. ஏற்கெனவே உன்னிடம் ஒலிப்பெட்டி வாங்கியவர்களுக்கும் எழுதிச் சொல். போட்டுவிட்டேன் என்று போனில் கதை விடாதே, தாளை அனுப்பு, நானே படித்துக்கொள்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. திட்டினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் மனது நினைக்கிறது. அந்தத் தாள் வரும்வரை வாரம் ஒரு கடிதம் உன் வாசலுக்கு வரும். இந்த வாரம் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன், கடுமையான வார்த்தைகளை இப்போதுதான் எழுதிப் பழகுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் அப்பா