சீர்த்தட்டில் வந்த கூலன்ட்

மச்சான்,

இன்று காலை தருமபுரியில் வாங்கிவந்த, எஞ்சின் சூட்டைத் தணிக்க ஊற்றுகிற கூலன்ட் டப்பாவின் மூடியைத் திருகியதும் அந்த இனிப்பு வாசனை வந்தது. வெல்லப்பாகுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒரு வாசனை. உடனே உங்கள் ஞாபகம். கார் எஞ்சின் இன்னும் ஆறவில்லை. ஆறும் முன் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. அதுவரை உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

கடைக்காரர் வழக்கம்போல, "பச்சையா, சிவப்பா சார்?" என்றார்.

"கலர் வேண்டாங்க. டப்பாவத் திருப்பி எழுத்தக் காட்டுங்க."

என் காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகைதானா, அப்படியே ஊற்றுவதா, தண்ணீர் கலக்க வேண்டியதா என்று படித்துவிட்டுத்தான் வாங்கினேன். "வாத்தியாருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பள்ளி முதல்வர் நாற்காலி எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவனுக்குப் போன கதையையும் சொல்லியிருப்பேன்; வரிசையில் ஆட்கள் நின்றதால் விட்டுவிட்டேன்.

நான் எதையும் எளிதில் மறப்பவன் இல்லை. வேலியை ஓரடி தள்ளிப் போட்ட என் அண்ணனோடு இன்றுவரை பேச்சில்லை. உங்களோடும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

வத்தல்மலைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து போனோமே, அதற்கு ஒரு வாரம் முன்பு கடத்தூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். காரில் கூலன்ட் குறைந்திருப்பதைப் பார்த்து, உங்கள் டெம்போவுக்கு வாங்கிவைத்திருந்த பச்சையை என் காரின் சிவப்பில் ஊற்றினீர்கள். என்னைக் கேட்கவில்லை. நல்லது செய்ய யாரையும் கேட்கிற பழக்கம் உங்களுக்குக் கிடையாது. மலையில் பாதி வளைவு ஏறுவதற்குள் சூடு காட்டும் முள் உச்சிக்குப் போய்விட்டது. பானெட்டிலிருந்து ஆவி. ஆறியபின் திறந்தால் உள்ளே சேற்று நிறத்தில் கலங்கல்.

"பச்சைய எதுக்குங்க ஊத்துனீங்க?"

"எல்லாம் கூலன்ட்தான மாப்ள. கலரப் பாத்தா எஞ்சினு ஓடுது?"

"படிச்சவன் ஒருத்தன் வூட்ல இருக்கானே, கேக்கணும்னு தோணலயா? கண்டதையும் ஊத்த இது உங்க டெம்போ இல்லீங்க."

உங்கள் மனைவியும் பிள்ளைகளும் பக்கத்திலேயே நின்றார்கள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கீழே போகிற ஜீப் ஒன்றை நிறுத்தி, மெக்கானிக்கை அழைத்துவரப் போனீர்கள்.

மறுநாள் பட்டறையில் ரேடியேட்டரைத் திறந்தபோது நான் மட்டும்தான் இருந்தேன். குழாய்களுக்குள் வெள்ளையாக உப்பு. எங்கள் வீட்டு வெந்நீர்க் குண்டானில் படிகிற அதே உப்பு.

"ரெண்டையும் கலந்தது தப்புதாங்க சார். ஆனா ஒரு வாரத்துல இப்பிடி அடைக்காது. போர் தண்ணி ஊத்துனீங்களா?" என்றார் மெக்கானிக்.

கோடை முழுவதும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தேன். குழாய் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். கடினநீரைப் பற்றி வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிற வேதியியல் ஆசிரியன் நான். வீட்டுக்கு வந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. உங்கள்மேல் கோபமாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

பிறகு மகளின் கல்யாணம். உங்கள் வீட்டுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பலாம் என்றேன். உங்கள் தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கண்ணன் சீரு வராம இந்தக் கல்யாணத்துல மேளம் கொட்டாது. நீங்களே போய் வச்சிட்டு வாங்க." வந்து வாசலில் நின்றேன். "உள்ள வாங்க மாப்ள, காபி ஆறிடும்" என்றீர்கள், முந்தின நாள்தான் பிரிந்தவர்போல.

கல்யாணத்தன்று காலை, மேளத்துக்குப் பின்னால் தாய்மாமன் சீர் வந்தது. பட்டு, பழம், தேங்காய், பூ என்று ஒவ்வொரு தட்டாக. கடைசித் தட்டை நீங்களே தூக்கிவந்தீர்கள். வெற்றிலைமேல் ஒரு கூலன்ட் டப்பா. பக்கத்தில் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் ஒரு கேன். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். மண்டபமே சிரித்தது.

"இந்தத் தடவ கலரப் பாக்கல மாப்ள. தங்கச்சிய உங்க கார் புத்தகத்த போட்டோ புடிச்சு அனுப்பச் சொன்னன். நானும் கடைக்காரனும் ஒரே கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டுப் படிச்சம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களைப் பந்திக்கூடத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"மச்சான், அன்னிக்கு அடைச்சது உங்க பச்சையில்லீங்க. போர் தண்ணி. நான்தான் ஊத்துனன்."

"தெரியுங்க."

"எப்பிடி?"

"மெக்கானிக்க கூட்டியாந்தது யாரு? ரேடியேட்டரத் தொறந்த அன்னிக்குச் சாயங்காலமே எங்கிட்ட சொல்லிட்டான். அதனாலதான தண்ணி கேனையும் சேத்து வச்சன்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"கோவத்துல இருந்தீங்க. இதச் சொன்னா வெக்கமும் படணும். ரெண்டையும் சேத்துத் தாங்க மாட்டீங்க. வாங்க, எல போட்டுட்டாங்க."

நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. அந்தத் தண்ணீர் கேன் இன்னும் என் கார் டிக்கியில் இருக்கிறது. காலியானால் அதிலேயே சுத்தத் தண்ணீர் வாங்கி நிரப்புவேன். குங்குமம் பழுப்பாகிவிட்டது; அந்தப் பக்கத்தை மட்டும் துடைப்பதில்லை.

போன வாரம் மலைப்பாதையில் ஒரு கார் ஆவி விட்டு நின்றது. காரின் சொந்தக்காரர் கையில் குடிதண்ணீர் பாட்டில், நேர்த்தியாக உடுத்திய ஆள். படித்தவர்தான். எஞ்சின் ஆறும்வரை அவரைப் பிடித்து நிறுத்தி, நம் கேனைக் கொடுத்தேன். ஊற்றி முடித்தும் நான் கிளம்பாமல் நிற்பதைப் பார்த்து அவருக்குக் குழப்பம்.

"இன்னும் என்னங்க சார்?"

"கேனக் குடுங்க."

"காலிக் கேனுக்கா நிக்கிறீங்க?"

"எம் மச்சான் சீர் வச்சதுங்க" என்றேன்.