எழுநூறு மீட்டர்

செவ்வாய்க்கிழமை, ஆவடி.

மாலையில் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் சேர்ந்திருக்கும் தனியார் நிறுவனத்தின் ராக்கெட் மேலே போய், திரும்பித் தரையிறங்கும்போது சாய்ந்து வெடித்துவிட்டதாம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"வெடிச்சதும் நல்லதுதாம்மா. தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமை அடுத்தத விடுறோம்."

துணி வாங்க வந்திருந்த இஸ்திரிக்காரி தனத்தின் காதிலும் ஸ்பீக்கர் வழியே அது விழுந்தது. "ராக்கெட்டு வெடிச்சிச்சுன்னு சிரிச்சிகினு கீது! இன்னா பொண்ணும்மா பெத்து வெச்சிகீற?"

மகள் முன்பு வேலை பார்த்த அரசு மையத்தில் ஒரு வால்வின்மேல் ஐயம் எழுந்தால் மூன்று குழுக்கள் கூடும். ஏவும் நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அந்த மந்தத்தைக் கேலி செய்தவள் நான். இன்று அது வேண்டும்போல் இருக்கிறது.

"நீ எவ்வளவு தூரத்துல நின்ன?"

"பாதுகாப்பான தூரம்தாம்மா."

கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள் நான். அலகு இல்லாத விடைக்கு மதிப்பெண் போட்டதில்லை. மீட்டரில் சொல் என்றேன். யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு செய்தி வந்தது: "எழுநூறு மீட்டர். போதுமா, புரொஃபசரம்மா?"

எரிபொருள் எத்தனை டன் என்று தெரியாமல், எழுநூறு போதுமா என்று எப்படிக் கணக்கிடுவது? கேட்டு அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.